சிலைகளுக்கு அம்புக்குறி வேண்டாம்: பூமலையைப் பேணுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசியப் பூங்காக் கழகத்தாருக்கும், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் மண்வெட்டியும் கத்தரியும் பிடித்து உழைக்கும் தோட்டக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தலைமுறைத் தமிழர் பலருக்கு உங்கள் பூங்கா இன்றும் பூமலைதான். அந்தப் பூமலையில் 11 ஆண்டுகளாகக் காலைநடை போகிறவன் நான். காலை 5 மணிக்குத் திறக்கும் பூங்காவுக்குள் ஐந்தரைக்கெல்லாம் நுழைந்து, காதில் பழைய பாடல்களும் மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரமுமாக, ஒரே வழியில் போய் ஒரே வழியில் திரும்பி, ஏழு மணிக்கு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். இத்தனை ஆண்டுகளில் அங்கே ஒரு வெண்கலப் பெண் ஊஞ்சலாடிக்கொண்டிருப்பதை நான் கவனித்ததே இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். கண்ணில் பட்டிருக்கும், மனத்தில் படவில்லை. ஊரிலிருந்து வந்த முதியவர் ஒருவர்தான் அவளை எனக்குக் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து உங்களிடம் சொல்ல நினைத்திருந்த ஒரு வேண்டுகோளையும், அதை ஒட்டிய இரண்டொரு சில்லறை வேண்டுகோள்களையும் இந்த மடலில் எழுதுகிறேன்.

வந்தவர் என் மனைவியின் பெரியப்பா. சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் பட்டறை ஒன்றில் 14 வயதில் மெழுகு பிசையச் சேர்ந்து, ஸ்தபதியாகி, கண்ணில் புரை விழுந்த பிறகே ஓய்ந்தவர். ஊரில் இல்லாத மரம் செடிகளைக் காட்டலாம் என்று அவரைப் பூமலைக்கு அழைத்துப் போனேன். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் அச்சாகியிருக்கும் தெம்புசு மரத்தைக் காட்டினேன். "நல்ல மரம்" என்றார். ஆர்க்கிட் பூக்களைக் காட்டினேன். "பிளாஸ்டிக் மாதிரியே இருக்கு மாப்பிள்ளை" என்றார். நான் மனம் தளர்ந்து, போதும், திரும்பலாம் என்று நினைத்த நேரத்தில், தூறல் விழத் தொடங்கியது. குடையை விரித்தேன். அவர் குடைக்குள் வராமல் கையை நீட்டி, "மழையிலே ஊஞ்சலாடுறது யாரு?" என்று கேட்டார்.

அருகில் போனதும் அவர் அந்தச் சிலையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலை மடக்கி, கை எட்டிய இடத்தில் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "கூடு" என்றார். உள்ளே பொள்ளலாக வார்த்தது என்று பொருள். சுவாமிமலைப் பட்டறைகளில் வீட்டுப் பூசைக்கும் கோயில் உற்சவத்துக்கும் செய்யும் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளீடு நிறைந்த கனவார்ப்பு. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிய கலவையில் உருவத்தை முழுமையாகச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்தி, மறுபடி பூசி, கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆளுயரச் சிலையை அப்படி நிறைத்து வார்த்தால் தூக்கி நிறுத்துவதும் பெரும்பாடு. ஆறும்போது தடித்த இடங்கள் சுருங்கி வெடிப்பு விடும் அபாயமும் உண்டு. ஆகவே உள்ளே மண்ணால் ஒரு கரு வைத்து, உலோகத்தை ஓடு போல மெல்லிதாக ஓடவிட வேண்டும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது, உலோகத்தை உள்ளங்கையால் தடவி ஒட்டுப் போட்ட இடம் எங்கே என்று தேடிக்கொண்டே. மழை நீர் சட்டைக் கையில் இறங்கியதை அவர் பொருட்படுத்தவில்லை.

அடுத்து அளவெடுக்க ஓலை தேடினார். ஸ்தபதிகள் தென்னங்கீற்றில் ஈர்க்கை நீக்கிவிட்டு ஓலையை மட்டும் எடுத்து, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். பக்கத்திலிருந்த பனைவகை மரம் ஒன்றை நோக்கி அவர் நடந்தபோது, இங்கே இலையைப் பறித்தால் அபராதம் என்று சொல்லி நான் தடுத்துவிட்டேன். என் கையிலிருந்த நாளிதழின் ஓரத்தை நீளமாகக் கிழித்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, தாளைக் கைநீட்டிப் பிடித்து, அந்தப் பெண்ணின் முகத்தின் நீளத்தைக் கட்டைவிரல் நகத்தால் குறித்து மடித்தார். முகம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம்; அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்தச் சிலைக்கே உரிய பங்கு. சிவனுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம். அம்பாளுக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். வாய்ப்பாடு போல முணுமுணுத்தபடி, முகத்துக்கு மார்பு, மார்புக்கு இடை, இடைக்குத் தொடை என்று நனைந்துபோன தாளை மடித்துக்கொண்டே வந்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தாளக் கணக்கு எதுவும் இதிலே இல்லை மாப்பிள்ளை. ஆனா லயம் தப்பலை."

நான் 11 ஆண்டுகள் பார்க்காமல் கடந்ததை அவர் ஒரே காலையில் அப்படிப் பார்த்தார். பிறகு நாங்கள் மெல்ல நடந்து, மிதிவண்டி ஓட்டும் இன்னொரு பெண்ணையும், வலைத்தொட்டிலில் கிடக்கும் ஒரு மாதையும் கண்டுபிடித்தோம். மூன்றையும் ஒரே கை செய்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 1984இல் ஊஞ்சல், 1987இல் மிதிவண்டி, 1989இல் வலைத்தொட்டில் என மூன்றும் பிரிட்டிஷ் சிற்பி சிட்னி ஹார்ப்ளி செய்தவை. மூன்றையும் பூங்காவுக்குக் கொடுத்தவர் டேவிட் மார்ஷல். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானவர், அடுத்த ஆண்டே பதவி விலகியவர், குற்றவியல் வழக்குகளில் பேர்போன வழக்கறிஞர், பிற்காலத்தில் பிரான்சுக்கு நம் தூதர். சிலையாக நிற்கத் தகுதியுள்ளவர் ஒருவர் சிலை கொடுத்திருக்கிறார். அதுவும் தம் உருவத்தை அல்ல, விளையாடிக்கொண்டும் ஓய்ந்து கிடந்துகொண்டும் இருக்கும், ஊர் பேர் தெரியாத மூன்று பெண்களை. அரசியல்வாதிகள் செய்த கொடைகளில் இவ்வளவு இலேசான ஒன்றை நான் கண்டதில்லை.

இந்த இலேசை ஒரு தமிழ்க் கண் எப்படிப் பார்க்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். எங்கள் வெண்கலங்கள் கருவறைக்கும் மண்டபத்துக்கும் உரியவை. பட்டும் மாலையும் சாத்திய பிறகு முகமும் கைகளும் மட்டுமே தெரியும். வெளியே வந்தால் குடை பிடிப்போம். அதை விட்டால், தமிழ்நாட்டில் வெட்டவெளியில் நிற்பவை தலைவர்களின் சிலைகள். அவர்கள் உயர்ந்த பீடத்தில் நின்று விரலை நீட்டுவார்கள். சில ஊர்களில், ஒருவரை மதிப்பவர்களும் மதிக்காதவர்களும் அடித்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தில், கம்பிக்கூண்டுக்குள் நிற்பார்கள். யாரும் கும்பிடாத, யாரும் மாலை போடாத, யாரும் கோபித்துக்கொள்ளாத ஒரு வெண்கலப் பெண் மழையில் நனைவதைப் பெரியப்பா தம் 78ஆம் வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தார். ஆனால் தொழில் முறையில் அவருக்கு அது அந்நியமாக இல்லை. கல்லில் ஊஞ்சலாட முடியாது. நீட்டிய கால் தன் எடையாலேயே முறிந்துவிடும். உலோகம் இழுவிசையைத் தாங்கும் என்பதால்தான் ஆடவல்லானாகிய நடராசர் ஒரு காலில் நின்று மறுகாலைத் தூக்க முடிகிறது, இந்தப் பெண் அந்தரத்தில் ஆட முடிகிறது. இரண்டையும் சாத்தியமாக்கியது ஒரே உலோகம், ஒரே மெழுகு உபாயம்.

இனி என் வேண்டுகோள். இந்தச் சிலைகளை ஒன்றாகத் தொகுத்து, எண் போட்டு, அம்புக்குறி வைத்து, 'சிற்பப் பாதை' என்று ஒன்றை அமைக்க யாரேனும் யோசனை சொன்னால், தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். அவை இப்போது இருப்பது போலவே, ஒன்றுக்கொன்று எட்டத்தில், எதிர்பாராத திருப்பங்களில் இருக்கட்டும்.

இது வெறும் ஆசையால் சொல்வதன்று. உங்கள் பூங்காவின் அமைப்பே இதைத்தான் கேட்கிறது. 1859இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிய இந்தத் தோட்டத்தை அடுத்த ஆண்டு முதல் வடிவமைத்த லாரன்ஸ் நிவன், ஆங்கில நிலக்காட்சித் தோட்டங்களின் முறையில் வளைந்து செல்லும் பாதைகளையும், ஏற்ற இறக்கமான புல்வெளிகளையும், ஏரியையும் அமைத்தார். நேர்ப்பாதையில் போகிறவனுக்குக் காட்சி முழுவதும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். வளைந்த பாதையின் வேலையே ஒன்றை மறைத்து வைத்திருந்து பிறகு காட்டுவது. அந்த மரபில் வந்த இங்கிலாந்துத் தோட்டங்களில் சிறு கோயிலையோ சிலையையோ திருப்பத்துக்கு அப்பால் வைப்பது தற்செயல் அல்ல. யுனெஸ்கோ 2015இல் உங்கள் பூங்காவை உலக மரபுடைமைத் தலமாக ஏற்றபோது இந்த நிலக்காட்சியையும் சேர்த்தே ஏற்றது. எனவே திருப்பத்துக்கு முன்பே 'அடுத்து சிலை' என்று ஒரு பலகை வைப்பது, நிவன் செய்து வைத்ததை 160 ஆண்டுகள் கழித்துக் கலைப்பதாகும்.

அறிவித்துக் காட்டும் சிற்பங்களை நான் வெறுப்பவன் அல்லன். கரையோரப் பூந்தோட்டத்தில் மார்க் குவின் செய்த 'பிளானட்' இருக்கிறது: ஏறத்தாழ 10 மீட்டர் நீளமும் 7 டன் எடையும் கொண்ட, வெள்ளைப் பூச்சுடைய வெண்கலக் குழந்தை, ஒரு கை மட்டும் தரையைத் தொட, மிதந்தபடி உறங்குகிறது. பெரியப்பா அதையும் பார்த்தார். அதைச் சுற்றிச் சுற்றி வந்து, எடை எங்கே இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வரை நகர மறுத்தார். லண்டன் கியூ தோட்டத்தில் 2016 முதல் நிற்கும் 'ஹைவ்' என்னும் தேன்கூட்டுக்குள்ளும் நான் நின்றிருக்கிறேன். 17 மீட்டர் உயரம், ஏறத்தாழ 1,70,000 அலுமினியத் துண்டுகள், அங்கேயே உள்ள உண்மையான தேனீக்கூட்டின் அதிர்வுக்கு ஏற்ப மங்கி ஒளிரும் விளக்குகள். அதே தோட்டத்தில் 2007இல் ஹென்றி மூரின் 28 சிற்பங்களைப் புல்வெளிகளில் பரப்பிப் பெருங்காட்சி நடத்தினார்கள். இவையெல்லாம் திருவிழாக்கள். சீட்டு வாங்கி, வரைபடம் பிடித்து, பார்க்க வேண்டும் என்றே போய்ப் பார்ப்பவை. உங்கள் பூங்காவோ, ஆர்க்கிட் தோட்டம் நீங்கலாக, கட்டணமில்லாதது. ஆண்டு முழுவதும் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை திறந்திருப்பது. ஒரே மனிதன் ஆயிரம் முறை வரக்கூடிய இடம் அது. ஆயிரமாவது முறை வருகிறவனுக்கும் ஏதேனும் ஒன்று மிச்சமிருக்க வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது.

ஒரு மணி நேரமே கையில் உள்ள சுற்றுப்பயணிக்கும், சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்கும் தேடும் வசதி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். வருகையாளர் நிலையத்தில் கேட்பவருக்கு வழி சொல்லட்டும். ஒவ்வொரு சிலைக்கும் அருகில்வரை சக்கரம் உருளும் பாதை இருக்கட்டும். கேட்பவருக்குச் சொல்வது வேறு. கேட்காதவன் கண்முன் பலகையை நீட்டுவது வேறு.

அம்புக்குறி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய செடி இல்லத்தின் அருகே செங்கற்படிகள் உள்ளன. ஜப்பானியர் ஆட்சியின்போது ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த செங்கற்கள் அவை; சில கற்களில் அம்புக்குறி பதிந்திருக்கும். சிறைப்பட்டவர்கள் ஈரமண்ணில் தங்கள் எதிர்ப்பை அழுத்திவிட்டுப் போன அடையாளம். பூங்காவிலுள்ள செதுக்கல்களில் மிகச் சிறியது அதுதான் என்பேன். பெரியப்பா குனிந்து ஒரு கல்லில் விரலை ஓட்டி, "சுடுறதுக்கு முன்னாடி போட்டது" என்றார். பூங்காவில் எனக்கு வேண்டிய அம்புக்குறிகள் அவை மட்டுமே.

அடுத்து, பராமரிப்பு. தெம்புசு மரத்தைச் சுற்றி நீங்கள் வேலி போட்டது சரியென்றே நினைக்கிறேன். அந்தத் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்று. ஆனால் மனிதர் மிதித்து மண் இறுகினால் வேர் மூச்சுவிட முடியாது. வெண்கலத்தின் கதை வேறு. அதற்குக் கேடு வருவது காலடியால் அல்ல, களிம்பால். செம்பிற் களிம்பு என்பதைச் சைவ சித்தாந்திகள் உயிரோடு உடன்பிறந்த ஆணவத்துக்கு உவமையாகச் சொல்வார்கள். புறத்தே வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே பிறந்தது என்று. தோட்டத்தில் மட்டும் அதைப் புறத்திலிருந்தும் கொண்டுவந்து சேர்க்க முடியும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. புல்லுக்குத் தூவும் உரம் வெண்கலத்தின் மேல் தெறித்து, ஈரத்தோடு தங்கினால், குளோரைடு செம்பை அரித்து, வெளிர்பச்சைப் பொடியாக உதிர வைக்கும்; தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. தெளிப்பான் தண்ணீர் ஒரே இடத்தில் நாள்தோறும் படுவதும், ஈர இலைகள் மடியில் தேங்கிக் கிடப்பதும், பறவை எச்சமும் அப்படித்தான். ஆகவே சிலைகளைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்கு உரமும் தெளிப்பானும் வேண்டாம் என்பது பெரியப்பாவின் யோசனை. பக்கத்தில் புல்வெட்டும் பொறியின் நைலான் கயிறு உலோகத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மெழுகு பூசுவது பற்றியும் ஒரு சொல். திறந்தவெளி வெண்கலத்தை மென்மையான சவர்க்கார நீரில் கழுவி, உலர்த்தி, மெழுகு தேய்த்து மெருகேற்றுவது உலகெங்கும் உள்ள முறை. எங்கள் ஊரில் பித்தளைக்குச் செய்வது போலப் புளி போட்டுத் துலக்கினால் பளபளப்பு வரும். ஆனால் சிற்பி தேர்ந்து ஏற்றிய நிறம் போய்விடும். மெழுகில் பிறந்த சிலைக்கு மெழுகே கவசமாவது பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த வேலை நடக்கும் நாளை, விடியலில் ஆளில்லா நேரத்தில் முடித்துவிடாமல், முன்கூட்டி அறிவித்து, பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும்படி நடத்தக் கோருகிறேன். சிலை இருக்குமிடத்தை அறிவிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அதைக் குளிப்பாட்டுவதை மட்டும் அறிவியுங்கள் என்று கேட்பது முரண்தான். அபிஷேகம் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆசை போகாது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவரப்பலகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் பூங்காவுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் உள்ள வேறுபாடே பதிவேடுதான்: ஒவ்வொரு செடியும் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, யார் தந்தது என்ற குறிப்பு. சிலைகளையும் அப்படியே நடத்துங்கள். உலோகம் என்ன, எப்படி வார்த்தது, யார் செய்தது, யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எப்போது பழுது பார்த்தது. முழங்கால் உயரத்தில், சிறிய எழுத்தில், சிலையருகே போய் நின்ற பிறகே படிக்க முடிகிற இடத்தில் அது இருக்கட்டும். நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இருக்கட்டும். தமிழில் எழுதும்போது அகராதியைப் புரட்டி மொழிபெயர்க்க வேண்டாம். கரு, கூடு, வார்ப்பு, ஒட்டு, களிம்பு என்று தொழில் செய்கிறவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் புழங்கும் சொற்கள் தயாராக உள்ளன.

கடைசியாக, புதிய சிலைகள். கொடையாக வரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் தோட்டம் நாளடைவில் கிடங்காகிவிடும். இசைமேடை அருகே போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் வெண்கலம் இருக்கிறது. போலந்துத் தூதரகம் 2008இல் தந்தது. அவர் இறந்தது 1849இல், இந்தத் தோட்டம் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பு. என்றாலும், அங்கே இசைநிகழ்ச்சி நடக்கும் மாலைகளில் அவர் அயலாராகத் தெரிவதில்லை. எல்லாக் கொடைகளும் அப்படி இடத்தோடு பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. இந்த மடல் எழுதுவதை அறிந்த நண்பர்கள் சிலர், வள்ளுவர் சிலை ஒன்றைக் கேட்டுவிடு என்றார்கள். நான் கேட்கவில்லை. வள்ளுவருக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

நான் கேட்பது, என்றேனும் ஒரே ஒரு சிலைக்கு இடம் ஒதுக்க முடிந்தால், பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், ஒரு பெண்ணின் சிலை. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் உங்கள் பூங்காவுக்கு வந்தன. 1888 முதல் 1911 வரை பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சாய்வாகக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் செய்து காட்டினார். தோட்ட முதலாளிகளின் பையில் விதைகளைத் திணித்து அனுப்பினார். அந்த விதைகள் மலாயாவெங்கும் காடாக வளர்ந்தபோது, அவற்றில் பால் எடுக்க இலட்சக்கணக்கில் கப்பலேறி வந்தவர்கள் தமிழர்கள். ஜொகூரில் ஒரு தோட்டத்தில் என் தாயார் அந்த வேலை செய்தார். இருட்டிலேயே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, தம் நிரையில் மரம் மரமாகக் கீறி, பால் பிடிக்கும் மங்கு வைத்துக்கொண்டே போவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். கீறுகிற ஆழம் ஒரு மயிரிழை கூடினாலும் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. அதுவும் ஒரு செதுக்கு வேலைதான். என் தாயார் அதைச் சிற்பம் என்று சொன்னதில்லை, கூலி என்றுதான் சொன்னார்.

அந்தச் சிலைக்குப் பீடம் வேண்டாம், பெயர் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். ஆளுயரத்துக்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். நடைபாதையிலிருந்து சற்று உள்ளே, மரங்களுக்கு இடையில், மரத்தைப் பார்த்து நிற்கட்டும். காலை 5 மணிக்கு உள்ளே வருகிறவன் முதலில் அவள் முதுகைத்தான் பார்க்க வேண்டும். ஹார்ப்ளியின் மூன்று பெண்களும் ஓய்வில் இருக்கிறார்கள். நான்காமவள் வேலையில் இருப்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த யோசனையைத் தொலைபேசியில் பெரியப்பாவிடம் சொன்னேன். கண் புரை அறுவை முடிந்துவிட்டதாம். பட்டறைக்கு மறுபடி போய் வருகிறாராம். ஒரு முழ உயரத்தில் மெழுகில் மாதிரி செய்து பார்க்கிறேன், அதற்கு அப்பால் அவர்கள் பாடு என்றார். தாளம் எது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, பால் வெட்டும் கத்தியின் நீளமும் வளைவும் வேண்டும் என்றார். என் தாயாருடைய கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. காகிதத்தில் வைத்து வரைந்து, நேற்று அஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
பூமலையில் காலைநடை போகும் ஒருவன்